கட்டும் அவிழ்ப்பும்: குருதி திரும்பும் வழியை அறிந்த வரலாறு

புதுச்சேரியின் வரலாற்றைப் படிப்போர் கி.பி. 1674ஆம் ஆண்டை மறப்பதில்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சுவா மார்த்தேன் இக்கடற்கரையில் தங்கி, பின்னாளில் நகரமாக வளர்ந்த ஒரு சிறு குடியிருப்புக்குப் பொறுப்பேற்ற ஆண்டு அது. அதே 1674இல், அந்நாளில் ஸ்பெயினின் வசமிருந்த பெசான்சோன் நகரைப் பதினான்காம் லூயியின் படை முற்றுகையிட்டது. குண்டடிபட்டுக் குருதி பெருகக் கிடந்த வீரர்களின் கை கால்களில் எத்தியேன் மொரேல் என்னும் படை மருத்துவர் கயிற்றைச் சுற்றி, அதனுள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். முறுக்க முறுக்கக் கயிறு இறுகியது, குருதி நின்றது. 1718இல் பாரிஸைச் சேர்ந்த ழான் லூயி பெத்தி குச்சிக்குப் பதிலாகத் திருகாணி வைத்த கருவியைச் செய்தார். திருப்புதல் என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த ‘தூர்னிக்கே’ என்னும் பெயரையே உலக மருத்துவம் இன்றும் வழங்கி வருகிறது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. எனினும் அந்த முறுக்குக் கயிறு எழுப்பிய வினா புதுவை மண்ணுக்கும் உரியதே. கட்டினால் குருதி நிற்கும் என்பது சரி. அவிழ்த்தால் என்ன ஆகும்? கட்டுவதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டான். அவிழ்த்த பின் குருதி எவ்வழியே, எவ்வளவு விரைவாக, என்ன விளைவுகளோடு திரும்புகிறது என்பதைக் கற்கவோ நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றில் முஸ்லிம் மருத்துவ மேதைகளுக்குப் பெரும் பங்குண்டு. அவர்கள் முன்னோரிடமிருந்து பெற்று நமக்குக் கையளித்த பிழைக்கும் ஒரு பங்குண்டு. இரண்டையும் மறைக்காது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏனெனில் அப்பிழை நூல்களோடு நின்றுவிடவில்லை. புதுவையைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் அது இன்றும் கால்களையும் உயிர்களையும் காவுகொண்டு வருகிறது.

பட்டைக்குக் கீழே புடைத்த சிரை

‘ஃபஸ்து’ எனப்படும் சிரை கீறிக் குருதி வடிக்கும் சிகிச்சை, கிரேக்கரிடமிருந்து அரபு மருத்துவத்துக்கு வந்து, பின்னர் யூனானி வழியாக நம் நாட்டிலும் பரவியது. குருதி வடிப்பவர் முதலில் மேற்கையில் ஒரு பட்டையைக் கட்டுவார். சிறிது நேரத்தில் முழங்கை மடிப்பில் சிரை புடைத்து எழும். அதைக் கீறியதும் குருதி பாயும். பட்டையைத் தளர்த்தியதும் பாய்ச்சல் குறையும். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரேக்க, அரபு, இந்திய மருத்துவர்களும் நாவிதர்களும் இக்காட்சியை நாள்தோறும் கண்டனர்.

காட்சி ஒன்றாக இருந்தது. கோட்பாடு வேறொன்றாக இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாலீனூஸ், கல்லீரலில் உண்டாகும் குருதி சிரைகள் வழியாக உறுப்புகளை நோக்கிச் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது என்று கற்பித்தார். அவ்வாறாயின் குருதி தோளிலிருந்து விரல் நோக்கி வர வேண்டும். பட்டைக்கு மேற்புறத்தில், தோள் பக்கத்தில்தான் சிரை புடைக்க வேண்டும். ஆனால் புடைப்பதோ பட்டைக்குக் கீழே, விரல் பக்கத்தில். வலி குருதியை ஈர்க்கிறது, வெப்பம் ஈர்க்கிறது என்றெல்லாம் சமாதானம் கூறப்பட்டது. ஆசிரியர் மீதிருந்த மதிப்பு கண்முன் நின்ற சான்றை மறைத்துவிட்டது.

குர்துபா நகருக்கு அருகிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். முப்பது பாகங்கள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பாகம் முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது. அழுகிய உறுப்பை அகற்றும் முறையை விளக்குமிடத்து, அறுக்கும் இடத்துக்கு மேலே ஒரு கட்டும் கீழே ஒரு கட்டும் போடச் சொல்கிறார். அறுந்த தமனியிலிருந்து பீறிடும் குருதியை நிறுத்த நான்கு வழிகள் கூறுகிறார்: சூடிடுதல், தமனியை முற்றாக அறுத்து இரு முனைகளும் உள்வாங்கிச் சுருங்கச் செய்தல், நூலால் உறுதியாகக் கட்டுதல், குருதி நிறுத்தும் மருந்தை வைத்து இறுகக் கட்டுதல் என்பன அவை. கட்டும் கலையில் அவர் கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

அதே இடத்தில் அவர் பதிவுசெய்துள்ள ஒரு நோயாளியின் வரலாறு நம் நெஞ்சை உலுக்குவது. ஒருவருக்குக் கால் விரலில் தோன்றிய கருமை, நெருப்புச் சுட்டதுபோன்ற எரிச்சலோடு பாதம் முழுவதும் பரவியது. அவர் தாமே தம் பாதத்தை மூட்டோடு அறுத்து எறிந்து உயிர் தப்பினார். நெடுங்காலத்துக்குப் பின் அதே கருமை கைவிரலில் தோன்றியது. இம்முறை அவர் ஸஹ்ராவியிடம் வந்தார். மருந்துகளால் தடுக்க முயன்றும் பலனில்லை. கையை அகற்றுமாறு நோயாளி வேண்டினார்; அறுவையை அவர் உடல் தாங்காது என்றஞ்சி ஸஹ்ராவி மறுத்துவிட்டார். நோயாளி ஊர் திரும்பித் தாமே கையை அகற்றிக்கொண்டு குணமடைந்தார். தமது தயக்கம் தவறாக முடிந்த ஒரு நிகழ்வை ஒளிக்காமல் எழுதிவைத்த அந்த நேர்மையை நாம் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கறுத்த பாதத்துக்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வருவோம்.

திருத்தியவர்

ஜாலீனூஸின் கோட்பாட்டை ஷைகுர் ரஈஸ் இப்னு ஸீனா ‘அல்-கானூன்’ நூலில் ஒழுங்குபடுத்தித் தந்தார். அது ஐரோப்பாவிலும் இஸ்லாமிய உலகிலும் பல நூற்றாண்டுகள் பாடநூலாகத் திகழ்ந்தது. அத்தகைய நூலுக்கு உரை எழுத வந்த ஒருவர்தாம் அதன் அடிப்படையில் விரிசல் கண்டார். அவர் திமிஷ்கில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ். ஹிஜ்ரி 640இல் (கி.பி. 1242), ஏறத்தாழ முப்பது வயதில், கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் எழுதிய உரையில், இதயத்தின் வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று திட்டவட்டமாகக் கூறினார். வலப்புறக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்குக் காற்றோடு கலந்து, மீண்டும் இதயத்தின் இடப்புறத்தை அடைகிறது என்றும் விளக்கினார்.

இப்னுந் நஃபீஸ் மருத்துவர் மட்டுமல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்த ஆசிரியருமாவார். முன்னோரின் சொல்லைச் சான்றோடு ஒப்புநோக்கி ஏற்பதும் மறுப்பதும் அவர் பயின்ற இரு துறைகளுக்கும் பொதுவான ஒழுக்கம். ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) மறைந்த அவர் தம் இல்லத்தையும் நூலகத்தையும் மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபு செய்தார். அவருடைய கண்டுபிடிப்பு பிற்கால உலகின் பார்வையிலிருந்து மறைந்து கிடந்தது. 1924இல் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவ மாணவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப்படி ஒன்றில் அதைக் கண்டு வெளிக்கொணர்ந்தார்.

நம்மில் சிலர் மகிழ்ச்சி மிகுதியால், குருதிச் சுற்றோட்டம் முழுவதையும் இப்னுந் நஃபீஸே கண்டுபிடித்தார் என்று எழுதிவிடுகின்றனர். அது சரியன்று. அவர் கண்டது நுரையீரல் வழியான சிறு சுற்று. கை கால்களுக்குச் சென்ற குருதி சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்புகிறது என்பதை அவர் கூறவில்லை. அதை நிறுவ, அந்தப் பழைய பட்டையைப் புதிய கண்ணோடு நோக்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

பட்டையைத் தளர்த்திய கணம்

அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்வி. 1628இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சாகி வெளிவந்த அவருடைய சிறு நூலில் பட்டைச் சோதனை முக்கிய இடம் பெறுகிறது. மேற்கையில் பட்டையை மிக இறுகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுவிடுகிறது. கை வெளிறிக் குளிர்கிறது. பட்டைக்கு மேலே தமனி விம்மித் துடிக்கிறது. பின்னர்ப் பட்டையைச் சற்றே தளர்த்தினால் கை உடனே சிவந்து வெம்மையுறுகிறது; ஏதோ ஒன்று உள்ளே பாய்வதைக் கட்டுண்டவர் உணர்கிறார்; பட்டைக்குக் கீழுள்ள சிரைகள் புடைத்தெழுகின்றன.

இதன் காரணம் எளிது. தமனிகள் ஆழத்தில் உள்ளன. சிரைகள் தோலுக்கு அருகில் உள்ளன. இறுகிய கட்டு இரண்டையும் அடைக்கிறது. தளர்ந்த கட்டு சிரையை மட்டும் அடைக்கிறது. எனவே தமனி வழியே குருதி உள்ளே வருகிறது. திரும்பும் வழி அடைபட்டிருப்பதால் கீழேயே தேங்கிப் புடைக்கிறது. குருதி தமனி வழியே வருகிறது, சிரை வழியே திரும்புகிறது என்னும் பேருண்மை, பட்டையை அவிழ்க்கத் தொடங்கிய அக்கணத்தில் வெளிப்பட்டது. தமனிக்கும் சிரைக்கும் இடையே பாலமாக அமைந்த நுண்குழாய்களை ஹார்வி கண்டாரில்லை. 1661இல் இத்தாலியரான மல்பீகி நுண்ணோக்கியால் தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டார்.

புதிய கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. பாரிஸ் மருத்துவப் பேராசிரியர் ழான் ரியோலான் போன்றோர் ஜாலீனூஸின் பக்கம் நின்று எதிர்த்தனர். இறுதியில் பதினான்காம் லூயியே தலையிட்டு, 1673 முதல் அரசத் தோட்டத்தில் பியேர் தியோனி இக்கருத்தின் அடிப்படையில் உடற்கூறு கற்பிக்கச் செய்தார்.

வியப்புக்குரிய செய்தி யாதெனில், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அப்பாடம் டில்லியில் ஒரு முஸ்லிம் அறிஞரின் இல்லத்தில் நடந்துவிட்டது. பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே 1660களில் அவ்ரங்கசீப்பின் அவைப் பிரமுகரான தானிஷ்மந்த் கானிடம் பணிபுரிந்தார். பாரசீகத்திலிருந்து வந்த தானிஷ்மந்த் கான் அறிவுத் தேட்டத்தில் பெயர்பெற்றவர். ஹார்வியின் கண்டுபிடிப்பையும், நிணக்குழாய்கள் குறித்து பெக்கே கண்டறிந்ததையும் பாரசீக மொழியில் அவருக்கு விளக்கியதாகவும், ஆட்டின் உடலைத் திறந்து குருதியோட்டத்தைக் காட்டியதாகவும் பெர்னியே தம் பயண நூலில் எழுதியுள்ளார். நம் நாட்டில் இக்கருத்து விளக்கப்பட்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று. கேட்கும் செவி அன்று நம்மிடம் இருந்தது; ஆயின் கேட்டதைப் பாடமாக்கும் கல்விக்கூடம் அதைத் தொடர்ந்து எழவில்லை.

புதுவைக்கு வந்த பாடம்

தமிழகக் கரையில் அந்தப் பாடம் நிலைபெற்ற இடங்களுள் புதுச்சேரியும் ஒன்று. பிரெஞ்சு அரசு இங்கு நிறுவிய மருத்துவப் பள்ளியே இன்றைய ஜிப்மரின் முன்னோடி. ஜிப்மர் தன் தோற்றத்தை 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. 1954 நவம்பர் முதல் நாளில் புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறிய பின், 1956இல் அப்பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகியது. 1964இல் ஜவாஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையமாக உயர்ந்து, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்னும் தகுதியைப் பெற்றது. கோரிமேட்டிலுள்ள அதன் வாயிலில் புதுவையினர் மட்டுமன்றி விழுப்புரம், கடலூர் மாவட்ட மக்களும் நாள்தோறும் காத்து நிற்கின்றனர்.

ஹார்விக்குப் பின் மருத்துவம் மேலும் மூன்று உண்மைகளைக் கற்றது. அவற்றை நாமும் அறிவது நலம்.

முதலாவது, பெருவழி அடைபட்டால் குருதி சிறுவழிகளைத் தேடிக்கொள்ளும் என்பது. 1785 டிசம்பரில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரிடம் முழங்காலின் பின்புறத் தமனி வீங்கிய ஒரு வண்டிக்காரர் வந்தார். அக்காலத்தில் இத்தகைய வீக்கத்துக்குப் பலர் காலையே அகற்றினர். ஹன்டர் வீக்கத்தைத் தொடாமல், தொடையில் மேலே தமனியைக் கட்டினார். முக்கியத் தமனி அடைபட்ட அந்தக் கால் அழுகவில்லை. ஆறு வாரங்களில் அவர் வீடு திரும்பினார். சுற்றியுள்ள சிறு தமனிகள் அகன்று குருதியைக் கீழே கொண்டு சேர்த்தன. ஏரியின் தலைமதகு அடைபட்டபோது பக்கக் கால்வாய்களில் நீர் அதிகம் ஓடி, ஓடிய வேகத்தாலேயே அவை அகலமாவதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் கால்வாய் அகலமாக வாரங்கள் வேண்டும். படிப்படியாக வரும் அடைப்பை உடல் தாங்குவதும், திடீர் அடைப்பில் உறுப்பு சாவதும் இதனாலேயே.

இரண்டாவது, சிறிது நேரம் பட்டினி கிடந்த உறுப்பு, குருதி திரும்பியதும் வழக்கத்தைவிடப் பன்மடங்கு குருதியை வாங்கிக்கொள்ளும் என்பது. ஹார்வி கண்ட அந்தச் சிவப்பும் வெம்மையும் இதுவே. 1925இல் லண்டனில் தாமஸ் லூயிஸும் ரொனால்ட் கிராண்டும் இதை முறையாக ஆராய்ந்தனர். கட்டு நீடித்த அளவுக்கேற்பச் சிவப்பும் நீடித்தது. நரம்பின் ஆணை இல்லாதபோதும் அது நிகழ்ந்தது. ஆகவே மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், குருதி கிடைக்காத தசையே, அங்குத் தேங்கிய பொருள்களின் வாயிலாகத் தன் நுண்தமனிகளைத் திறந்துவிடுகிறது என்று அவர்கள் முடிவு செய்தனர். கரியமில வாயு, பொட்டாசியம், அடினோசின், நைட்ரிக் ஆக்சைடு முதலியவற்றின் பங்கு பின்னர்த் தெளிவாயிற்று. பழைய பாக்கி தீர்ந்ததும் தமனிகள் தம் முன்னைய அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. ஐந்து நிமிடம் கட்டப்பட்ட கைக்குச் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும்.

மூன்றாவது உண்மை கடுமையானது. கட்டு மணிக்கணக்கில் நீடித்தால், திரும்பும் குருதியே தீங்காக மாறும். 1941இல் லண்டன் குண்டுவீச்சின்போது இடிபாடுகளில் கால் நசுங்கிக் கிடந்தோர் மீட்கப்பட்டபோது நலமாகத் தோன்றினர். ஆனால் அடுத்த சில நாட்களில் அவர்களுள் சிலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். பைவாட்டர்ஸும் பீலும் அதன் காரணத்தை விளக்கினர். நசுங்கிச் செத்த தசையிலிருந்து வெளியேறிய பொருள்கள், குருதி திரும்பியதும் உடலெங்கும் பரவிச் சிறுநீரகத்தைத் தாக்கின. பொட்டாசியம் பெருகினால் இதயமும் நின்றுவிடக்கூடும். மேலும் உயிர்க்காற்று திடீரென மீளும்போது, வாடிய திசுக்களில் தீங்கு செய்யும் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன; தசை வீங்குகிறது; வீக்கமே நுண்குழாய்களை நெரித்து மீண்டும் குருதியைத் தடுக்கிறது. அறுவை அரங்கில் கட்டுப் போடும்போது பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும் என்று மருத்துவர் கடிகாரம் பார்ப்பது இதனாலேயே. ஆறு மணி நேரம் கடந்தால் தசை மீள்வது அரிது.

எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர் போடும் மூங்கில் பத்தைக் கட்டும் இக்கணக்குக்கு உட்பட்டதே. கட்டிய பின் விரல்கள் வெளிறினாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, தாங்கொணா வலி எழுந்தாலோ மறுநாள் வரை பொறுத்திருத்தல் கூடாது. இறுகிய கட்டினால் விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் நிலையை ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881லேயே விளக்கிவிட்டார்.

பாகூர் வயலிலிருந்து கோரிமேடு வரை

புதுவையின் நெற்களஞ்சியம் பாகூர். அங்கும் வில்லியனூர்ப் பக்கத்திலும் வயல்வேலை செய்யும் பெரியவர்களிடம், பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நாம் பெறும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: கடிவாய்க்கு மேலே துண்டையோ கயிற்றையோ இறுகக் கட்டுவோம். இது அவர்கள் கண்டுபிடித்ததன்று. கிரேக்க, அரபு, இந்திய மருத்துவ மரபுகள் யாவும் ஒரே குரலில் சொல்லிவந்த அறிவுரை அது. நஞ்சு இதயத்தை அடையாமல் வழியை அடைத்துவிட வேண்டும் என்பது அதன் தருக்கம். கேட்கும்போது நியாயமாகவே தோன்றுகிறது.

நஞ்சுமுறி மருந்தின் வரலாற்றிலும் பிரெஞ்சு ஆட்சியின் தடம் உண்டு. அது புதுவையினர் அறிந்த ஊர் ஒன்றில் தொடங்குகிறது. புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சைகோன் அந்நிய ஊரன்று. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. அச்சைகோனில் 1891இல் பாஸ்தர் நிலையத்தை நிறுவியவர் அல்பேர் கல்மெத். அவ்வாண்டு வெள்ளப்பெருக்கின்போது பாக்லியு அருகே ஒரு கிராமத்துக்குள் நல்ல பாம்புகள் புகுந்து நாற்பது பேரைக் கடித்தன. அந்நிகழ்வு கல்மெத்தைப் பாம்பு நஞ்சு ஆராய்ச்சிக்குத் திருப்பியது. 1894இல் பிரான்சில் அவரும், தனியே ஃபிசாலிக்ஸ், பெர்த்ரான் ஆகிய இருவரும் நஞ்சுமுறி ஊநீரை அறிவித்தனர். மருந்து பிறந்த பின்னும் கட்டுப் போடும் வழக்கத்தைக் கல்மெத்தும் கைவிடவில்லை. பழைய கருத்தின் வேர் அவ்வளவு ஆழமானது.

இன்று நாம் அறிந்தது வேறு. பாம்பின் நஞ்சு பெரும்பாலும் நிணநீர் வழியாகவே பரவத் தொடங்குகிறது. அதைத் தடுப்பதற்காகத் தமனியையே அடைக்கும் அளவுக்குக் கயிற்றை இறுக்கினால் நஞ்சு முற்றாக நிற்பதில்லை. கால்தான் குருதியின்றிப் பட்டினி கிடக்கிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு கடித்த இடத்துத் திசுவையே சிதைக்க வல்லது. கட்டு அந்த நஞ்சை ஒரே இடத்தில் தேக்கி, பட்டினியால் வாடும் தசையின்மேல் அதை ஏவிவிடுகிறது. மணிக்கணக்கில் வண்டியில் வந்த பின், யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கட்டைச் சட்டென்று அவிழ்க்கிறார். அப்போது நாம் மேலே கண்ட மூன்று உண்மைகளும் ஒருசேரச் செயற்படுகின்றன. திறந்து கிடக்கும் நுண்தமனிகளில் குருதி பன்மடங்கு பாய்கிறது. தேங்கிய நஞ்சும், வாடிய தசையின் கழிவுகளும் ஒரே அலையாக உடலுக்குள் செல்கின்றன. நல்ல பாம்போ கட்டு விரியனோ கடித்திருந்தால் அடுத்த சில நிமிடங்களில் மூச்சே நின்றுவிடலாம்.

எனவேதான் இந்திய அரசின் பாம்புக்கடி சிகிச்சை நெறிமுறையும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இறுகக் கட்டுவதை அறவே விலக்குகின்றன. ஏற்கெனவே கட்டியிருந்தால், மருத்துவமனையில், நஞ்சுமுறி மருந்து ஏற்றத் தொடங்கி, செயற்கைச் சுவாசத்துக்கு ஆயத்தமான நிலையில், மருத்துவர் முன்னிலையிலேயே அவிழ்க்க வேண்டும் என்கின்றன. கடிபட்டவர் செய்ய வேண்டியவை சில: அஞ்சாதிருத்தல், நடக்காதிருத்தல், கடிபட்ட உறுப்பை எலும்பு முறிந்ததுபோல் பாவித்து அசையாமல் வைத்தல், மோதிரம், கொலுசு, காலணி, இறுகிய உடை ஆகியவற்றைக் கழற்றுதல், கீறாமலும் உறிஞ்சாமலும் நேரே மருத்துவமனைக்குச் செல்லுதல். அங்கே மருந்து இருக்கிறது. அம்மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி, சென்னையிலிருந்து புதுவைக்கு வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தால் சேகரிக்கப்பட்டு வந்துள்ளது என்பதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

இது சிறு விஷயமன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், இறந்திருக்கலாம் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2030க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2024இல் வெளியிட்டது.

ஒரு விளக்கம் இங்குத் தேவை. கட்டு எப்போதும் தீயது என்று நாம் கூறவில்லை. விபத்தில் உறுப்பு சிதைந்து, அழுத்திப் பிடித்தும் குருதி நில்லாதபோது, மொரேலின் முறுக்குக் கட்டே உயிர் காக்கும். அதைப் போட்ட நேரத்தைக் குறித்துவைத்து விரைந்து மருத்துவமனை சேர வேண்டும். பெசான்சோனில் சரியாக இருந்த கட்டு பாகூரில் பிழையாவது, நோய் வேறாக இருப்பதால்தான்.

கறுத்த பாதம்

ஸஹ்ராவி கண்ட அந்த மனிதரின் கருமைக்கு இன்றைய பெயர் ஒன்றைச் சூட்டுவது முறையன்று. ஆனால் அவரைப் போன்ற நோயாளிகளை நம் நாட்டு மருத்துவர்கள் நன்கறிவர். 1879இல் வினிவார்ட்டரும் 1908இல் நியூயார்க்கின் லியோ பெர்கரும் விவரித்த ஒரு நோயில், இளவயது ஆண்களின் கை கால்களிலுள்ள தமனிகளும் சிரைகளும் அழற்சியுற்று அடைபடுகின்றன. விரல் நுனியிலிருந்து கருமை ஏறுகிறது. பெர்கர் நோய் எனப்படும் அது மேலை நாடுகளைவிட மேற்காசியாவிலும் இந்தியாவிலும் மிகுதி. அதற்கு ஆளாவோர் ஏறத்தாழ அனைவரும் புகையிலை பயன்படுத்துவோர். நம் நாட்டில் அது பெரும்பாலும் பீடி.

ஸஹ்ராவியின் காலத்தில் புகையிலை அமெரிக்கக் கண்டத்தைவிட்டு வெளியே வரவில்லை. ஆகவே அம்மனிதர் பீடியால் கெட்டவரல்லர். நம் காலத்தவருக்கு அச்சமாதானம் இல்லை. மேலப்பாளையம் முதலிய ஊர்களில் நம் சமுதாயப் பெண்கள் பீடி சுற்றியே குடும்பம் காத்தனர் என்பது வேதனை கலந்த உண்மை. ஆனால் இந்நோயில் ஒரு நம்பிக்கையும் உண்டு. புகையிலையை அறவே நிறுத்தியோருக்கு உறுப்பை இழக்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அடைபட்ட தமனியைச் சுற்றித் திருகுச்சுருள் போல் வளைந்து செல்லும் சிறு தமனிகள் குருதியைச் சுமக்கின்றன. ஹன்டரின் வண்டிக்காரருக்குக் கிட்டிய அதே பக்கவழி, புகையை விட்டவருக்கும் திறக்கிறது. புகை தொடர்ந்தால் அவ்வழியும் அடைபடும்.

முடிவாக

மருத்துவ வரலாற்றில் நம் முன்னோர் செய்த சாதனைகளைப் பட்டியலிடுவதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். அப்பட்டியல் உண்மையானதே, ஆயின் அது முழுமையானதன்று. இப்னு ஸீனாவின் மாண்பு அவர் நூலைத் திருத்தாமல் வைத்திருப்பதில் இல்லை என்று கருதியே இப்னுந் நஃபீஸ் அதற்கு உரை எழுதினார். தமது தயக்கத்தையும் பின்வருவோர் அறியட்டும் என்றே ஸஹ்ராவி அந்த நோயாளியின் வரலாற்றைப் பதிந்தார். தமக்குப் புதிதான ஒன்றைச் செவிமடுக்கத் தானிஷ்மந்த் கான் வெட்கப்படவில்லை. நாம் மரபு என்று போற்ற வேண்டியது அந்தப் பண்பையே.

கடிவாய்க்கு மேல் கயிறு கட்டுதல் நம் முன்னோரின் நூல்களிலும் இடம்பெற்ற அறிவுரை என்பதை ஒப்புக்கொண்டு, அது பிழை என்று உரக்கச் சொல்லும் கடமை அந்நூல்களைப் போற்றும் நமக்கே முதலில் உண்டு. நாற்றுநடவும் அறுவடையும் நடக்கும் மாதங்களில், புதுவையைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிடம் இதை அறிவிக்கலாம். மத்ரஸாவில் ஓதும் சிறுவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால், அவன் தன் தந்தையின் காலில் கட்டப்போகும் கயிற்றைத் தடுத்து, அவரை நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வான்.